மனிதன் மரமல்ல!



வேலை முடிந்து லயத்துத் திண்ணையில் உட்கார்ந்தால் நம் இளைஞர்களிடம் ஒரே பேச்சு, கிரிக்கெட் ஏலம்! 2008-இல் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது முதல், யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று விரல் விட்டு எண்ணுகிறார்கள். "மனிதனை ஏலம் போடலாமா?" என்று கேட்டேன். "கோடி கிடைத்தால் நம்மையும் போடட்டுமே, கிராணி!" என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். அங்கே ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஆட்டக்காரர், பணமும் அவருக்கே. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. விலை யார் கைக்குப் போகிறது? "போகமாட்டேன்" என்று சொல்ல ஆளுக்கு உரிமை உண்டா?

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தைப் பாருங்கள். 1919 டிசம்பரில் பாஸ்டன் அணி முதலாளி, பேப் ரூத் என்ற மாபெரும் வீரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 1,00,000 டாலருக்கு விற்றார். விலைப்பணம் போனது முதலாளியின் பெட்டிக்கு! 1879-இல் தொடங்கி, நாளடைவில் எல்லா வீரர் கழுத்திலும் விழுந்த விதி ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் பழைய முதலாளிக்கே சொந்தம். விற்றால் போக வேண்டும்; மறுத்தால் ஆட்டமே இல்லை.

1969-இல் கர்ட் பிளட் என்ற கறுப்பின வீரர் மறுத்தார். செயின்ட் லூயிஸ் அணியில் 12 ஆண்டு ஆடியவரை, அவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கியவர், அதை உதறி வழக்காடினார். களத்தில் இருந்த ஒரு வீரர்கூட அவருக்காகச் சாட்சி சொல்லவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்று தோற்றார். ஆனால், அவருக்குத் துணை நின்ற வீரர் சங்கம் ஓயவில்லை. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பயின்ற மார்வின் மில்லர் அதற்குத் தலைமை தாங்கினார். 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு அந்த விலங்கை உடைத்தது. தனி ஆள் தோற்ற இடத்தில் சங்கம் வென்றது!

இது அந்நியர் கதையா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், கடனை அடைத்தால் ஆளை விடுவதாகத் துரை எழுதித் தரும் 'துண்டு' இருந்தது. அடுத்த துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டார். கடன் தொழிலாளி தலையில்! 1921-இல்தான் அது ஒழிந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். கிராணிமாரே, அந்தக் கோரிக்கை நம்மையும் எதிர்த்தே எழுந்தது. மறவாதீர்!

எங்கள் தோட்டம் கைமாறியபோது ஏக்கர், மரம், புகைக்கூடம், லயம் என்று பட்டியல் கேட்டார்கள். கடைசி வரியில் "ஆட்கள்" என்று எண்ணிக்கை எழுதினேன். எழுதியது இந்தக் கைதான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே சட்டத்தை அறியுங்கள். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, தோட்டம் கைமாறிய 7 நாளுக்குள் புது முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வர வேண்டும். இல்லையேல் நட்டஈடு உண்டு. 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். சங்கத்தைக் கேளாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்!

இன்னொன்று. பக்கத்து லயத்து வங்காளதேசத் தோழரின் கடப்பிதழ் முதலாளியின் அலமாரியில் இருந்தால், "நமக்கென்ன?" என்று போகாதீர். பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அன்று நம் பாட்டனைக் கட்டிய துண்டுதான் இன்று அவரைக் கட்டுகிறது. அவர் மலிவாகக் கட்டுண்டு கிடக்கும்வரை நம் கூலியும் உயராது.

தோட்டத்தை விற்கட்டும், மரத்தை விற்கட்டும். மனிதனை விற்க விடோம்!