விக்கி விக்கி ஓடும் வீடியோ



கல்யாண வீடியோவைப் போடுகிறீர்கள். படம் விக்கி விக்கி ஓடுகிறது. கைகொடுக்க நீட்டிய கை பாதியில் நிற்கிறது. குரல் மட்டும் முன்னே போய்விடுகிறது. வீட்டில் என்ன நடக்கும்? "பைல் பழுதாப் போச்சு உம்மா" என்று மகன் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "பென் ட்ரைவ்ல இடமும் இல்ல, அழிச்சிடுவமா?" என்று அடுத்தவர் கேட்பார். மௌத்தாகிப் போன வாப்பாவின் குரல் அந்த ஒரு வீடியோவில் மட்டுந்தான் இருக்கிறது என்றால், இதில் அவசரப்படலாமா?

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதையும் அழிக்க வேண்டாம். திருத்தப் போகிறவர் யாராக இருந்தாலும், மகனோ கடைக்காரரோ, அவர் கையில் கொடுப்பது ஒரு கொப்பியாக இருக்கட்டும். மூலம் உங்களிடமே இருக்கட்டும். ஏனென்றால் படம் விக்குகிறது என்பதனால் பைல் பழுது என்று ஆகிவிடாது. பல வீடுகளில் பழுது வீடியோவில் அல்ல, அதை ஓட்டும் சாதனத்தில்தான் இருக்கிறது.

இது ஏன் என்று விளங்கிக்கொள்வது கஷ்டமல்ல. வீடியோ என்பது அசையாத படங்களின் அடுக்கு. நம் நாட்டு டீவிக்குப் பழக்கமான பால் முறையில் செக்கனுக்கு 25 படங்கள். கையடக்கத் தொலைபேசியில் எடுத்ததென்றால் பெரும்பாலும் 30 அல்லது 60. அத்தனையையும் முழுமையாக எழுதி வைக்க இடம் போதாது. எனவே ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அதற்கடுத்த படங்களில் மாறியவற்றை மாத்திரம் குறித்துக்கொண்டு போகிறார்கள். சில்லறைக் கடைக்காரர் கடன் கொப்பியில் மொத்தத்தை ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு கூட்டல் கழித்தலை மட்டும் எழுதிக்கொண்டு போவாரே, அதே கணக்குத்தான். ஓட்டும் சாதனம் அந்தக் குறிப்புகளைப் பார்த்து ஒவ்வொரு படத்தையும் நேரத்துக்கு முடித்துத் தரவேண்டும். செக்கனுக்கு 25 என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிசெக்கன்தான் கிடைக்கும். பிந்திவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். நாம் காணும் விக்கல் அதுதான்.

இனி, குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்போம். அதே வீடியோவை வேறொரு சாதனத்தில் போட்டுப் பாருங்கள். டீவியில் விக்குவது லெப்டொப்பில் சீராக ஓடினால் பைலில் குறை இல்லை, மனதை ஆற்றிக்கொள்ளலாம். எல்லாச் சாதனத்திலும் விக்கினால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே 12ஆவது நிமிடத்தில், அதே இடத்தில் தடுக்குகிறதா? அப்படியென்றால் பைலில்தான் கோளாறு. ஒருமுறை இங்கே, மறுமுறை அங்கே என்றால் சாதனத்தையோ பென் ட்ரைவையோ சந்தேகியுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை.

பென் ட்ரைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 4கே தரத்தில் செக்கனுக்கு 60 படமாக ஐபோனில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கே 400 மெகாபைட் அளவு பிடிக்கும். மலிவான சில பென் ட்ரைவ்கள் அந்த வேகத்துக்குத் தொடர்ந்து வாசித்துக் கொடுக்கத் திணறக்கூடும். படமும் குரலும் இரண்டுமே நின்று, பிறகு ஒன்றாக ஓடத் தொடங்கினால் சங்கதி இதுவாக இருக்கலாம். வீடியோவை லெப்டொப்பின் உள்ளே கொப்பி பண்ணி அங்கிருந்து ஓட்டிப் பாருங்கள். சீடியில் இருந்தாலும் அப்படியே. சீடியைத் துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவேண்டும். பீங்கான் துடைப்பது போல வட்டமாகத் துடைக்கக் கூடாது.

குரல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, படம் மட்டும் தாவுகிறதா? அப்படியானால் சாதனத்துக்குச் சக்தி போதவில்லை. 2017இல் ஐபோன்களில் எச்.ஈ.வி.சி. என்ற புதிய முறை வந்தது. பாதி இடத்தில் நல்ல படத்தை அடக்கிவிடும், ஆனால் அதை விரித்துக் காட்ட அதிக உழைப்பு வேண்டும். பழைய லெப்டொப் அந்த உழைப்புக்குப் பிறந்ததல்ல. வீ.எல்.சி. என்ற இலவச பிளேயரைப் போட்டு, மற்றெல்லாவற்றையும் மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் அந்த வீடியோவைப் பழைய எச்.264 முறைக்கு, 1080 அளவுக்கு மாற்றி ஒரு கொப்பி எடுக்கலாம். டீவியில் பார்க்க அந்தக் கொப்பி. பத்திரமாக வைக்க மூலம். இனி எடுக்கப் போகும் வீடியோக்களுக்கென்றால் போனின் செட்டிங்ஸில் கெமரா, அதில் போமட்ஸ் என்பதற்குள் போய் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஹேண்ட்பிரேக்கில் மாற்றும்போது 'கொன்ஸ்டன்ட் பிரேம்ரேட்' என்பதையும் தெரிவு செய்யுங்கள். போன் கெமரா வெளிச்சம் குறைந்த இடத்தில் செக்கனுக்கு எடுக்கும் படங்களைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். இப்படிக் கூடிக் குறைந்து வரும் வீடியோவைச் சில பழைய எடிட்டிங் மென்பொருட்கள் சரியாகக் கணக்கெடுப்பதில்லை. உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்வது அதனால்தான்.

வெளிநாட்டிலிருந்து கணவரோ மகனோ வட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ மங்கலாகவும் கட்டங்கட்டமாகவும் இருந்தால் அதைத் திருத்த முயலவே வேண்டாம். அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிட்டது. போன தெளிவு திரும்பி வராது. வீடியோவாக அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 2022இலிருந்து 2 ஜிகாபைட் வரை அப்படி அனுப்பலாம், எடுத்தபடியே வந்து சேரும்.

சரி, பைலில்தான் கோளாறு என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் கை விடவேண்டியதில்லை. படங்கள் நல்லபடி இருக்க, அவற்றின் நேரக் குறிப்பு மட்டும் குழம்பியிருக்கக் கூடும். எவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, படத்துக்கும் குரலுக்கும் 'கொப்பி' என்றே விட்டுவிட்டு, வேறொரு பெயரில் சேமித்துப் பாருங்கள். படத்தில் எதையும் தொடாமல், பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குச் சாமான் மாற்றுவது போன்ற வேலை இது. தரம் துளியும் குறையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே இதைத்தான் முதலில் செய்து பார்க்கவேண்டும். ஆனால் கடைகள் சிலவற்றில் எடுத்த எடுப்பிலேயே முழுவதையும் மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் கேட்டுச் செய்விப்பது நல்லது. பச்சை நிறமும் சதுரக் கட்டங்களும் திடீரென்று பரவி, சில செக்கன்களில் தெளிந்தால், அந்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முழுப் படம் வந்ததும் காட்சி தெளிந்துவிடுகிறது. அந்தச் சில செக்கன்களை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

பழைய வீடியோ கெசட்டிலிருந்து மாற்றியதென்றால் கதை வேறு. அசையும் பொருட்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கெசட் காலத்தில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பிரித்தே பதிந்தார்கள், அதன் அடையாளம் அது. வீ.எல்.சி.யில் வீடியோ என்ற பகுதிக்குள் 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டால் மறைந்துவிடும். ஆனால் மாற்றும் நேரத்தில் கடைக் கொம்பியூட்டர் திணறி, படங்களைத் தவறவிட்டிருந்தால், அந்தப் படங்கள் பைலில் இல்லவே இல்லை. எந்த மென்பொருளும் அவற்றைத் திருப்பித் தராது. கெசட்டிலிருந்து மறுபடி எடுப்பது ஒன்றே வழி.

அதனால்தான், 'டிஜிட்டல் ஆக்கியாச்சே, இனி எதற்கு' என்று கெசட்டை எறிந்துவிடாதீர்கள். ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீடியோ டெக் தயாரிப்பை நிறுத்தியது. உலகில் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்தது அதுதான் என்று அறியப்படுகிறது. இருக்கின்ற டெக்குகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன, மறுபடி எடுக்க இன்னும் எத்தனை வருடம் இருக்கிறதோ! கெசட்டை அலுமாரியில் புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். வெண்பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போட்டுப் பார்க்கக் கூடாது, நாடாவும் போகும் டெக்கும் போகும். முதலில் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கடையிலிருந்து புதிய பைல் வந்ததும், கெசட்டைத் திரும்பப் பெறும் அன்றே, தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை முழுவதுமாக ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.