பயிற்சிக்கு வருபவரும் தொழிலாளரே



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உலகத் தொழில் நிறுவனத்தின் மாநாடு கூடுகிறது. ஐ.எல்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிறுவனம், முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919ல் தொடங்கப்பட்டது. இந்தியா அன்றிலிருந்தே அதில் உறுப்பு நாடு. இன்று 187 நாடுகள் உள்ளன. அரசுகளின் பிரதிநிதிகளோடு முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே அவையில் வாக்குரிமையோடு அமர்வது இதன் தனிச்சிறப்பு.

மாநாட்டில் நிறைவேறும் ஒப்பந்தங்கள் செய்தித்தாள்களில் வரும். ஆனால் இந்நிறுவனத்தின் அலுவலகங்களில் அமைதியாக வேலை செய்யும் ஒரு கூட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. முதுகலைப் படிப்பின் இறுதியில் இருப்பவர்களும் அண்மையில் முடித்தவர்களுமான இளையோர், ஜெனீவாவிலும் புதுடெல்லி போன்ற நகரங்களிலுள்ள கிளை அலுவலகங்களிலும் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை 'இன்டர்ன்ஷிப்' என்னும் பணிப்பயிற்சி பெறுகிறார்கள். இவர்களில் பலர் சேர்வது திட்ட மேலாண்மைப் பிரிவுகளில்தான். நம் பங்குகளில் எம்.எஸ்.டபிள்யூ., பொருளாதாரம், சட்டம் படித்த பிள்ளைகளும் இத்தகைய வாய்ப்புகளைத் தேடுகிறார்கள். ஆகவே இதைச் சற்று ஆழமாகச் சிந்திப்பது நல்லது.

திட்ட மேலாண்மை என்றால் என்ன? ஒரு நாடு அல்லது ஓர் அறக்கட்டளை பணம் தருகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட இலக்கை அடைய வேண்டும். எத்தனை தொழிற்சாலைகள், எத்தனை ஆய்வாளர்களுக்குப் பயிற்சி, எவ்வளவு செலவு, என்ன மாற்றம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். பயிற்சிக்கு வரும் இளைஞர், கூட்டக் குறிப்பு எழுதுவார். வருகைப் பட்டியலைச் சரிபார்ப்பார். செலவுக் கணக்கை அட்டவணையில் ஏற்றுவார். அறிக்கைக்கு வரைவு தயாரிப்பார். பார்ப்பதற்கு இது வெறும் காகித வேலை.

ஆனால் இந்தக் காகித வேலைக்குப் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. அதிலிருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டும், தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டனர். அங்கே மாதக் கூலி 38 யூரோதான் என்ற செய்தி கேட்டு, அதை அடிமை வேலை என்றே திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வாண்டு மே முதல் நாளன்று கண்டித்தார்.

அதன்பின் இழப்பீட்டுக்கென ஒரு நிதி உருவாக்கப்பட்டது. அரசு, நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றுக்கு நடுவே நடுநிலைத் தலைமை வகித்தது ஐ.எல்.ஓ. இறந்தவர் யார், அவர் கூலி எவ்வளவு, அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர், காயமுற்றவர் எந்த அளவுக்கு முடமானார் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டியிருந்தது. தேவைப்பட்ட 3 கோடி டாலர் முழுவதும் சேர 2015 ஜூன் வரை ஆயிற்று. அந்த அட்டவணையில் ஒரு வரி தவறினால் ஒரு கைம்பெண்ணின் உரிமை தவறிவிடும். திட்ட மேலாண்மை என்பதன் பொருள் இதுதான்.

திருஅவைக்கும் இந்நிறுவனத்துக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1926 முதல் இயேசு சபை அருட்பணியாளர் ஒருவர் ஐ.எல்.ஓ.வில் ஆலோசகராகப் பணியாற்றும் வழக்கம் தொடர்கிறது. நிறுவனத்தின் பொன்விழா ஆண்டான 1969ல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஜெனீவா சென்று அங்கே உரையாற்றினார். அதே ஆண்டில் ஐ.எல்.ஓ.வுக்கு அமைதிக்கான நொபெல் பரிசும் கிடைத்தது. 1982ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நேரில் சென்றார். 2021ல் திருத்தந்தை பிரான்சிஸ் காணொளிச் செய்தி அனுப்பினார். 1891ல் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல் வழியாகத் தொழிலாளருக்கு நியாயமான கூலி கேட்டவர் திருத்தந்தை 13ஆம் லியோ. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை அவரை நினைத்தே 14ஆம் லியோ என்ற பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறியதும் நாம் அறிந்ததே.

இப்போது ஒரு கேள்வி. தொழிலாளரின் உரிமைக்காகப் பேசும் உலக அமைப்புகள், தங்களிடம் பயிற்சிக்கு வரும் இளையோரை எப்படி நடத்துகின்றன?

2015 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஒரு செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. ஐ.நா. அலுவலகத்தில் ஊதியமில்லாப் பயிற்சியில் இருந்த நியூசிலாந்து நாட்டு இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க முடியாமல் கூடாரத்தில் தங்கியிருந்தார் என்பதே அது. இந்தப் பிரச்சனையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே திட்டமிட்டு அப்படிச் செய்ததாக அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். கூடாரம் திட்டமிட்டதாக இருக்கலாம்; பிரச்சனை உண்மையானது. உலகிலேயே செலவு மிகுந்த நகரங்களில் ஒன்றான ஜெனீவாவில், சம்பளமின்றி ஆறு மாதம் தங்க யாரால் முடியும்?

இவ்விடயத்தில் ஐ.எல்.ஓ. நல்ல முன்மாதிரி. வேறு நிறுவனத்தின் உதவி இல்லாத பயிற்சியாளர்களுக்கு அது வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை தருகிறது. உலக நலவாழ்வு நிறுவனமும் 2020 முதல் தருகிறது. ஆனால் ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சிகளுக்கு ஊதியம் கிடையாது. உதவித்தொகை கிடைக்கும் இடங்களிலும்கூட, விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் பொதுவாகப் பயிற்சியாளரே வழி தேட வேண்டும்.

"பயிற்சிதானே, அனுபவம் கிடைக்கிறதே, அதற்கு எதற்குச் சம்பளம்?" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கற்றுக்கொடுப்பதற்கும் நேரமும் உழைப்பும் தேவை. முதல் வாரங்களில் பயிற்சியாளரால் அலுவலகத்துக்குப் பயனைவிடச் சுமையே அதிகம். ஆனால் அவர் எழுதும் அறிக்கை நன்கொடையாளருக்குப் போகிறது என்றால், அவர் சரிபார்க்கும் கணக்கை அலுவலகம் நம்புகிறது என்றால், அது உழைப்பு. உழைப்பவர் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்பது ஆண்டவர் தம் சீடர்களுக்குச் சொன்னது (லூக் 10:7). பிடித்துக்கொள்ளப்பட்ட கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக் 5:4). 1981ல் வெளிவந்த 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், ஒரு சமூகம் நீதியானதா என்பதைச் சோதிக்க அது கொடுக்கும் கூலியைப் பார்த்தாலே போதும் என்ற கருத்தை முன்வைத்தார்.

உலகச் சட்டங்களும் மெல்ல இத்திசையில் நகர்கின்றன. பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராக 2019ல் ஐ.எல்.ஓ. நிறைவேற்றிய 190ஆவது ஒப்பந்தம், பயிற்சியாளர்களையும் பெயர் சொல்லிப் பாதுகாக்கிறது. 2023ல் வந்த 208ஆவது பரிந்துரை, தொழிற்பழகுநருக்குப் போதிய ஊதியம் வேண்டும் என்கிறது. ஆனால் அது தொழிற்பழகுநரைப் பற்றியதே தவிர, அலுவலக இன்டர்ன்ஷிப்பைப் பற்றியதல்ல. இந்தியாவில் 2024ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கியது. ஊதியமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கிராமத்துப் பிள்ளை ஒருவர் பெருநகரில் தங்கிச் சாப்பிட இது போதுமா என்று பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

பணத்தைவிட ஆழமான ஓர் ஆபத்தும் இதில் உண்டு. பன்னாட்டு அமைப்புகளில் வேலை தேடுவோரிடம் முன் அனுபவம் கேட்கப்படுகிறது. அந்த அனுபவத்துக்கு வாசல் இன்டர்ன்ஷிப். அந்த வாசலில் வசதி உள்ளவர் மட்டுமே நுழைய முடியும் என்றால், நாளை ஏழைத் தொழிலாளருக்கான திட்டங்களை வகுப்பவர்கள் யாராக இருப்பார்கள்? தையல் ஆலையில் இரவுப் பணி பார்த்த தாயின் மகள், செங்கல் சூளையில் பிறந்த மகன், மீனவரின் பிள்ளை ஆகியோர் அந்த மேசையில் இருக்கமாட்டார்கள். ஒரு தொழிலாளி ஏன் ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்லத் தயங்குகிறார் என்பது, வீட்டில் அந்த அச்சத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சட்டெனப் புரியும்.

2025ஆம் ஆண்டு இக்கவலையைக் கூட்டியிருக்கிறது. குழந்தை உழைப்பு, கட்டாய உழைப்பு ஆகியவற்றை எதிர்த்து வெளிநாடுகளில் நடந்த திட்டங்களுக்குத் தந்து வந்த நிதியை அமெரிக்கத் தொழிலாளர் துறை அவ்வாண்டு மார்ச்சில் இரத்து செய்தது. ஐ.எல்.ஓ.வின் திட்டப் பணியாளர் பலர் வேலை இழந்தனர். இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. 2000களில் இந்திய அரசும் அதே அமெரிக்கத் துறையும் நிதி தர, ஐ.எல்.ஓ. வழியாக நடந்த 'இண்டஸ்' குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் விருதுநகர், காஞ்சிபுரம் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களிலும் செயல்பட்டது.

இத்தகைய முயற்சிகள் வீண்போகவில்லை. 2000ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 24 கோடியே 60 இலட்சமாக இருந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை, 2024ல் 13 கோடியே 80 இலட்சமாகக் குறைந்தது என்று ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் 2025 ஜூனில் அறிவித்தன. ஆனால் இன்னும் 13 கோடியே 80 இலட்சம் பிள்ளைகள் மீதம் இருக்கிறார்கள். நிதி குறையும்போது, நீக்கப்பட்ட பணியாளரின் வேலையைப் பயிற்சியாளர் தலையில் ஏற்றும் சோதனை எந்த அலுவலகத்துக்கும் வரும். அது இளையோருக்கும் அநீதி, திட்டத்தை நம்பியிருக்கும் ஏழைகளுக்கும் அநீதி.

அன்பார்ந்தவர்களே, பிறரை நோக்கி விரல் நீட்டும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நம் மறைமாவட்டங்களின் பல்நோக்கு சமூகப் பணி மையங்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ. மாணவ மாணவியர் களப்பணிக்கு வருகிறார்கள். கணக்கெடுப்பு எடுப்பதும், மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போவதும், அறிக்கை எழுதுவதும் பெரும்பாலும் அவர்கள்தாம். அவர்களுக்குப் பேருந்துக் கட்டணமாவது கொடுக்கிறோமா? மதிய உணவு உண்டா? அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் பொறுப்பாக இருக்கிறாரா? மாலை நேரத்தில் தொலைவான ஊருக்கு அனுப்பப்படும் மாணவி பாதுகாப்பாகத் திரும்புகிறாரா? 'கோயில் வேலைதானே' என்ற சொல்லால் எத்தனை இளையோரின் உழைப்பை நாம் இலவசமாக்கிவிடுகிறோம்? மனமுவந்து செய்யும் தொண்டு வேறு, ஆளில்லாத வேலைக்கு மாணவரை அமர்த்துவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

சில நல்ல செயல்களை நாம் உடனே தொடங்கலாம். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் என்ன கற்பார், எத்தனை மணி நேரம், என்ன உதவித்தொகை என்பதை எழுத்தில் கொடுக்கலாம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ நல்ல பயிற்சி வாய்ப்பு கிடைத்தும் பயணச் செலவுக்கு வழியில்லாத ஏழை மாணவருக்குப் பங்கும், புனித வின்சென்ட் தே பவுல் சபையும், முன்னாள் மாணவர்களும் கைகொடுக்கலாம். கல்லூரிப் படிப்புக்கு உதவும் நாம், படிப்புக்கும் வேலைக்கும் இடையேயுள்ள இந்த ஆறு மாதப் பாலத்தை மறந்துவிடுகிறோம். அன்பியக் கூட்டங்களில் இத்தகைய வாய்ப்புகளை அறிவித்தாலே பல பெற்றோருக்கு அது புதிய செய்தியாக இருக்கும்.

பயிற்சிக்குப் போகும் இளையோருக்கும் ஒரு சொல். உங்கள் முன்னால் உள்ள அட்டவணையில் 'பயனாளிகள்' என்ற தலைப்பின்கீழ் எண்கள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட ஒருவர். பயிற்சி பெற்றோர் நூறு பேர் என்று எழுதும்போது, அவர்களில் எத்தனை பேரின் வேலையிடம் உண்மையில் மாறியது என்றும் கேளுங்கள். பொய்க் கணக்கில் கையெழுத்திட வேண்டாம்.

நம் ஆண்டவர் இயேசுவும் நாசரேத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை கற்றவர். ஊரார் அவரைத் தச்சர் என்றே அறிந்திருந்தனர் (மாற் 6:3). மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக 1955ல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்தினார். தம் பராமரிப்பில் இருந்த பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுத் தந்த அப்புனிதர், இன்று வேலை கற்கப் புறப்படும் நம் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் நமக்காகவும் பரிந்து பேசுவாராக.