எண்ணுக்கு வைத்தியம்

பூனைக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டிருக்கிறது என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில், அதை வளர்ப்பவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது, ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவைக் குறைக்க என்ன மருந்து என்பதுதான். அந்த எண் இறங்கினால் மருந்து பலித்தது, ஏறினால் வீண் என்னும் அபிப்பிராயம் படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி வேரூன்றிவிட்டது. இது வெறும் அறியாமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாயில்லாப் பிராணிக்குத் தீங்கு விளைக்கும் அறியாமையாக இருப்பதால்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

கிரியேட்டினின் சிறுநீரகத்தில் உற்பத்தியாவதன்று. தசையில் உண்டாகிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் கழிவு. ஆகவே, பசி மந்தித்து, தொடைச் சதை வற்றி, தடவும் கைக்கு முதுகெலும்பு கணுக்கணுவாகத் தட்டுப்படும் கிழப் பூனையின் ரத்தத்தில், நோய் முற்றிக்கொண்டு போகும்போதே அந்த எண் தானாக இறங்கக்கூடும். வீட்டார் அதை ஔஷதத்தின் மகிமையென்று கொண்டாடிக்கொண்டிருக்க, பூனையோ தன் உடம்பையே தின்று கரைந்துகொண்டிருக்கும். தோலடியில் திரவம் ஏற்றியதும் எண் சரிகிறதே என்றால், நீர் வறட்சியால் ஏறியிருந்த பங்கு தணிந்ததேயொழிய, சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகான நெஃப்ரான்களில் அழிந்தது ஒன்றுகூடப் புதிதாக முளைத்துவிடவில்லை. போனதை மீட்கும் மருந்து இன்று வைத்தியர் கையில் இல்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. சிறுநீரில் புரதம் ஒழுகும் பூனைக்குக் கொடுக்கும் பெனசெப்ரில், டெல்மிசார்ட்டான் ஆகியவை சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளுக்குள் அழுத்தத்தைத் தணித்தே வேலை செய்கின்றன. அழுத்தம் தணியும்போது கிரியேட்டினின் சற்று ஏறுவது சகஜம். மருந்து தன் கடமையைச் செய்யும் வேளை பார்த்து, எண்ணைக் கண்டு மிரண்டு, வைத்தியரையும் கேளாமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள்! பெனசெப்ரிலுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. 192 பூனைகளைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில் அது புரத ஒழுக்கைக் குறைத்தது. ஆயுளை நீட்டியதாக நிரூபணமாகவில்லை. ஆயுள் விஷயத்தில் அதனினும் வலுவான சான்று பெற்றது பாஸ்பரஸ் குறைத்த பிரத்தியேக உணவு. ஆனால் தட்டில் வைப்பதை மருந்தென்று மதிக்க நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை.

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஆம்லோடிபினை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டுதான் வழக்கமான ஆரம்ப அளவு; அது கிரியேட்டினினை இறக்கித் தருவதில்லை. ஆயினும், ரத்த அழுத்தம் 160-க்கு மேலேயே நிலைத்து, கவனிப்பாரின்றி இன்னும் ஏறுமானால், விழித்திரை கழன்று, நேற்றுவரை ஜன்னலுக்குத் தாவிய பூனை இன்று நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கண்ணைக் காப்பது இந்தக் கால் துண்டு. குமட்டலைத் தணிக்கும் மரோபிட்டன்ட்டும், பசியைத் தூண்டி எடையிழப்பைச் சமாளிக்கக் காதின் உட்புறத்தில் தடவ அமெரிக்காவில் 2018-இல் அங்கீகாரம் பெற்ற மிர்ட்டசபின் களிம்பும் இவ்வகையே. எண் நின்ற இடத்தில் நிற்கும், பூனை சாப்பிடும்.

நோயைப் படிப்படியாக வகுக்கும் ஐரிஸ் என்னும் சர்வதேச நிபுணர் குழுவே, வறட்சி நீங்கி உடம்பு நிலைப்பட்ட பின்னரே கிரியேட்டினினை வைத்துப் படியை நிர்ணயிக்க வேண்டும் என்றும், அதன்மேல் சிறுநீர்ப் புரதத்தையும் ரத்த அழுத்தத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நடப்பதோ வேறு. மாதந்தோறும் ரத்தம் எடுக்கப் பணம் கட்டுகிறவர்கள், பூனையின் முன்னங்காலிலோ வாலடியிலோ சின்னப் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தீர்களா என்று வைத்தியரைக் கேட்பதில்லை. போன மாதத்து எடை என்ன என்று நாம் அவர்களைக் கேட்டாலோ, பதிலுக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் நீட்டுகிறார்கள்.