வயிற்று வருத்தமும் ஆய்வுப் படிவமும்

டோர்செட் பார்க்கில் உள்ள எமது வீடுகளில் பிரஷரையும் சீனி வருத்தத்தையும் பற்றிப் பேச ஒருவரும் கூச்சப்படுவதில்லை. பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றபடியே யார் என்ன குளிசை போடுகிறார் என்று விசாரித்துக்கொள்வோம். குடல் வருத்தம் என்றால் கதை வேறு. மலத்தோடு இரத்தம் போவதை மனைவிக்கே சொல்லாத ஆண்கள் உண்டு. பெண்பிள்ளைக்கு என்றால், கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல் என்று வீட்டோடு மூடி மறைத்துவிடுவோம்.

ஒன்ராறியோவின் சுகாதாரப் பதிவுகளை வைத்து எரிக் பெஞ்சிமோல் தலைமையிலான குழு செய்த ஆய்வு 2015இல் வெளியானது. குரோன்ஸ், கோலைற்றிஸ் ஆகிய நாட்பட்ட குடல் அழற்சி நோய்கள் குடிவரவாளரிடையே குறைவாகவே காணப்பட்டன. ஆனால் எவ்வளவு இளவயதில் இங்கு வந்தார்களோ அவ்வளவுக்கு ஆபத்து கூடியிருந்தது. தெற்காசியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ, மற்றைய கனேடியப் பிள்ளைகளுக்கு உள்ள அதே அளவு ஆபத்து. "எங்கட ஆக்களுக்கு உது வராது" என்ற பேச்சு இனி எடுபடாது.

காரணம் உணவா, கிருமிகளா, சிறுவயதில் எடுத்த மருந்துகளா? அதை அறியப் பதிவேடுகள் போதா, ஆட்கள் வேண்டும். ரொறன்ரோ மவுண்ட் சைனாய் வைத்தியசாலையின் கென் குரோய்டோரு தலைமையில் 2008இல் ஆரம்பித்த 'ஜெம்' ஆய்வில், குரோன்ஸ் நோயாளரின் சுகதேகிகளான சகோதரர்களும் பிள்ளைகளுமாக 5,000 பேருக்கு மேல் சேர்ந்து இரத்தமும் மலமும் கொடுத்தார்கள். அவர்களில் பின்னர் நோய் வந்த சிலருக்கு, நோய் தெரிவதற்குச் சில வருடங்கள் முன்னரே குடற்சுவரின் காப்புத் தன்மை மாறியிருந்தது என்பது 2020இல் வெளிவந்தது. கெனடி வீதியில் பஸ் ஏறி சப்வேயில் மாறினால் போய்ச் சேரக்கூடிய இடம்தான் அந்த வைத்தியசாலை. இப்படியான ஆய்வுகளுக்கு எம்மவர் போகாவிட்டால், கிடைக்கும் விடை எமது பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

"எங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்ற பயம் விளங்குகிறது. ஆனாலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். அங்கே வாந்திபேதி நோயாளர் 48 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழமையான உப்புச் சீனிக் கரைசலையும், மற்றவர்களுக்கு அதனுடன் அரிசி மாவையோ எளிதில் சமிக்காத சோள மாப்பொருளையோ கலந்தும் கொடுத்தார்கள். சோள மாப்பொருள் எடுத்தவர்களுக்கே வயிற்றோட்டம் விரைவில் நின்றது. முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. எமது அரிசிக் கஞ்சிதான் வென்றிருக்கும் என்று நாம் பந்தயம் கட்டியிருப்போம்!

கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் வையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மருந்தில்லாத வெறும் குளிசை கிடைக்கும் வாய்ப்பு உண்டா, பக்கவிளைவு வந்தால் யார் பொறுப்பு, எமது விபரங்களை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இடையில் விலகலாம். விலகினாலும் வழமையான சிகிச்சை தடைப்படக்கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசிக்கலாம், குடும்ப வைத்தியரிடமும் காட்டலாம். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க இருத்தவேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சந்திப்புக்கு முன்னரே தொலைபேசியில் கேட்டு வையுங்கள்.