கைகாட்டினால் போதுமா?

குற்றம் நடந்த பிறகு குற்றவாளியைத் தேடுவது ஒரு முறை. ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு, அவனுக்கு ஏற்ற சாட்சியைத் தேடுவது இன்னொரு முறை. வெள்ளைக்கார சர்க்கார் மதுரைச் சீமையில் கையாண்டது இரண்டாவது முறையைத்தான். உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு சமூகத்தில் பிறந்தவர்களை எல்லாம் 'குற்றப் பரம்பரை' என்று பட்டியலில் சேர்த்துக் கைரேகை வாங்கினார்கள். மறுத்து நின்ற ஜனங்கள் மீது 1920 ஏப்ரல் 3ந் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, பலர் மாண்டனர். பின்னர் தொழிலாளர் தலைவர்கள் மீது மதுரைச் சதி வழக்கு ஜோடிக்கப்பட்டது. அது நிற்கவில்லை. தோழர்கள் பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா முதலியோர் 1947 ஆகஸ்ட் 14ந் தேதி சிறையிலிருந்து வெளிவந்தார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் ரத்தாயிற்று. அந்தப் புத்தியும் ரத்தாகிவிட்டதா?

பொய்ச்சாட்சி இருக்கட்டும். நல்ல மனிதர் மனமார நம்பிச் சொல்லும் சாட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு ஷிப்டு முடிந்து வரும் ஒரு தொழிலாளியின் சம்பளப் பணத்தை எவனோ பறித்துக்கொண்டு ஓடுகிறான். போலீசார் ஒருவரைப் பிடிக்கிறார்கள். மாஜிஸ்திரேட் முன்னிலையில் அவரைப் பலரோடு வரிசையில் நிறுத்துகிறார்கள். "இவன்தான்" என்று தொழிலாளி கைகாட்டுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது சரிதானா?

போலீசாரிடம் இருப்பது ஓர் அனுமானம், அவ்வளவே. அடையாள அணிவகுப்பு அந்த அனுமானத்தைச் சோதிக்கும் பரிசோதனை. வெல்ஸ், லூஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1990ல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். பரிசோதனை என்றால் அனுமானம் தோற்பதற்கும் அதில் வழி இருக்க வேண்டும். பண்ணையாரே மரக்கால் செய்து, பண்ணையாரே அளந்து, பண்ணையாரே கணக்கும் எழுதினால் கூலி நெல் என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது?

"திருடன் வரிசையில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால், அவன் இல்லாதபோதும் சாட்சி யாரையாவது காட்டுவார்" என்பது ஓர் அனுமானம். மால்பாஸ், டிவைன் என்ற இருவர் இதைச் சோதித்து 1981ல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் முன்னே ஒருவன் நாசவேலை செய்வது போல நடித்து ஓடினான். பிறகு அவன் இல்லாத வரிசையைச் சிலருக்குக் காட்டினார்கள். "அவன் இங்கே இருக்கிறான், யார் என்று காட்டு" என்று கேட்டபோது நூற்றுக்கு 78 பேர் யாரோ ஒரு நிரபராதியைக் காட்டினார்கள். "அவன் இல்லாமலும் இருக்கலாம்" என்று சொன்னபோது அது 33 ஆகக் குறைந்தது. வித்தியாசம் ஒரே ஒரு வாக்கியம்!

விஞ்ஞானிகள் தங்கள் அனுமானத்தையும் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொருவராகக் காட்டினால் தவறு குறையும் என்று லிண்ட்சே, வெல்ஸ் இருவரும் 1985ல் பரிசோதித்துக் கண்டார்கள். உண்மையான குற்றவாளி இல்லாத வரிசையில் தவறு நூற்றுக்கு 43லிருந்து 17 ஆகக் குறைந்தது. பின்வந்தவர்கள் அதையே மறுபடி சோதித்து ஆட்சேபணை எழுப்பினார்கள். எது மேல் என்று முடிவாகச் சொல்ல முடியாது என்றது அமெரிக்க விஞ்ஞான அகாடமியின் 2014ம் ஆண்டு அறிக்கை. அறிஞர்களுக்கு உள்ள இந்த அடக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வேண்டாமா?

தவறின் விலை என்ன? 1989 முதல் 2020 வரை அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபணமாகி விடுதலையானவர்கள் 375 பேர். இவர்களில் நூற்றுக்கு 69 பேரின் வழக்கில் தவறான அடையாளம் இருந்தது என்கிறது 'இன்னொசென்ஸ் பிராஜக்ட்' என்ற அமைப்பு. நிரபராதி உள்ளே கிடந்த நாளெல்லாம் குற்றவாளி வெளியே உலவினான்.

அணிவகுப்பில் காட்டியது மட்டும் தண்டனைக்கு ஆதாரமாகாது, கோர்ட்டில் அடையாளம் காட்டுவதே சாட்சியம் என்று சுப்ரீம் கோர்ட்டு பலமுறை சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் முதலில் தவறிய கண், கூண்டில் நிற்கும் அதே முகத்தைத்தானே மறுபடியும் காட்டும்!

ஆகவே நாம் கோருவது இதுதான். பிடிபட்டவரின் முகத்தையோ படத்தையோ சாட்சிக்கு முன்னதாகக் காட்டக் கூடாது. சாயலில் ஒத்தவர்களையே வரிசையில் நிறுத்த வேண்டும். சந்தேகத்துக்குள்ளானவர் யார் என்று அறியாதவரே சாட்சியின் பக்கத்தில் நிற்க வேண்டும். "அவன் இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லியாக வேண்டும். சாட்சி வேறொருவரைக் காட்டினாலும், யாரையும் காட்டாவிட்டாலும், அதையும் அப்படியே எழுதியாக வேண்டும்.

இது திருடனுக்குப் பரிந்து பேசுவதல்ல. நாளைக்கு அடியாட்கள் நம் தெருவில் புகுந்தால், சாட்சி சொல்லப் போவது நாம்தான். அன்று எந்த வக்கீலும் நம் வாக்கை உடைக்க முடியாதிருக்க வேண்டுமானால், அணிவகுப்பு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கும், குற்றத்தைக் கண்ட ஏழைக்கும் பாதுகாப்பு ஒன்றே: நேர்மையான சோதனை.