குளிர் கேட்கும் விலை

மிகுபுனைவு விளையாட்டுகளில் பனி பெரும்பாலும் வெறும் திரைச்சீலையாகவே தொங்குகிறது. 2011இல் வெளியான 'ஸ்கைரிம்' கணினி விளையாட்டின் பனிமலைகள் பேரழகு. ஆயினும் அரையாடையுடன் அவற்றில் திரியும் வீரனுக்கு யாதொன்றும் நேர்வதில்லை. குளிர் உடலை வருத்தும் ஆட்டமுறையை அதன் தயாரிப்பாளர்கள் 2017இல்தான் சேர்த்தனர்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, பாத்திரமேற்றுப் பேசி, பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, வெப்பநிலை சுழியம் பாரன்ஹீட்டிலோ அதற்குக் கீழோ இருக்கையில் மணிக்கொருமுறை உடலுறுதியைப் பகடையால் சோதிக்க வேண்டும். தோற்றால் சோர்வு ஒரு படி ஏறும். ஆறாம் படி மரணம். தடித்த குளிராடை அணிந்தவர் சோதனையின்றியே தப்புவர். ஆக, ஆடை வாங்கப் பொருளுள்ளவனுக்குக் குளிர் ஒரு பொருட்டன்று.

குளிர் என்பது இவ்வளவுதானா? இல்லை என்கிறது இதே விளையாட்டுக்காக 2020இல் வெளிவந்த 'ஐஸ்விண்ட் டேல்: ரைம் ஆஃப் த ஃப்ராஸ்ட்மெய்டன்' என்னும் கதைநூல். ஆரில் என்னும் பனித்தெய்வத்தின் சினத்தால் அந்நிலத்தில் ஈராண்டுகளாகக் கதிரவன் எழவில்லை. அங்குள்ள பத்து ஊர்களும் அமாவாசைதோறும் அவளுக்குப் பலி தருகின்றன. மக்கள்தொகை மிகுந்த ஊர்கள் சீட்டெடுத்து ஒருவரைக் கொல்கின்றன. சிற்றூர்களுள் சில, ஒருநாள் உணவைத் துறக்கின்றன. வேறு சில, அவ்விரவு முழுதும் எவ்வீட்டிலும் தீ மூட்டாமல் நடுங்கிக் கிடக்கின்றன.

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று பயின்ற நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. எல்லோரும் சிறிது நடுங்கினால் ஒருவரும் சாக வேண்டியதில்லை. ஆயினும் பேரூர்கள் தம் கணப்பை அணைக்க முன்வரவில்லை. ஒற்றை உயிரைத் தருவது அவர்களுக்கு எளிதாகியிருக்கிறது. குளிர் இங்கே தட்பவெப்பம் மட்டுமன்று. ஊரின் அறத்தை உரசிப் பார்க்கும் கல். சோர்வின் ஆறு படிகளால் அளக்கவியலாததை இப்பலிமுறை அளந்துவிடுகிறது.

நமக்கு ஒரு குறையும் உண்டு. ஆரிலை வீழ்த்தினால் கதிரவன் மீண்டுவிடுவான். பழி முழுவதும் தெய்வத்தின் தலையில் ஏறிவிடும். ஆனால் சீட்டெடுத்த கைகள் ஊரிலேயேதான் இருக்கும். விடிந்தபின் பலியானவரின் வீட்டார் முகத்தை அவ்வூரார் எங்ஙனம் நோக்குவர்? ஆடுவோர் பகடையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச வேண்டியது இதைத்தான். பனி உருகிய பின்னரே அக்கதை தொடங்குகிறது என்பது நம் கருத்து.