யார் குழந்தையைப் பார்த்து எழுதிய புத்தகம்?

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்குச் சீனியர்கள் கொடுத்த புத்தகப் பட்டியலை, பெரும்பாக்கம் வீட்டுக்கு வந்திருந்த மச்சினி காட்டினாள். க்ளோஹெர்ட்டி, ஏவரி, ஃபேனராஃப். மூன்றும் அமெரிக்கப் புத்தகங்கள். டெல்லி எய்ம்ஸின் நெறிமுறைப் புத்தகம் கடைசியில், 'நேரமிருந்தால்' என்று.

இந்த வரிசை தலைகீழ். நான் டாக்டர் இல்லை, மென்பொருள்காரன். 'என் மெஷின்ல ஓடுதே' என்பவனை நம்பி எதையும் லைவுக்கு அனுப்பக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதித்த குழந்தையை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் குளிர்வித்து வைப்பது பணக்கார நாடுகளில் நிரூபணமான சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளிவந்தது. எழும்பூர் மருத்துவமனைகளும் அதில் உண்டு. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. குளிர்விக்காதவற்றில் 31.

கண்ணும் அப்படித்தான். குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பரிசோதிக்க அமெரிக்க எல்லை 1,500 கிராம் அல்லது 30 வாரம். இங்கே 2,000 கிராமுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன்னால். சிக்கலில்லாமல் தேறிய 1,800 கிராம் குழந்தையை அந்த அட்டவணை பரிசோதிக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

"பரீட்சைல அதுலேர்ந்துதானே மாமா கேக்குறாங்க" என்றாள். அப்போ பரீட்சையையும் மாத்தணும். நுரையீரல் எப்படி வளர்கிறது என்று விரிவாகப் படிக்க ஏவரி நூலகத்தில் இருக்கட்டும். டூட்டி மேஜையில், கை எட்டுகிற இடத்தில், எய்ம்ஸ் புத்தகம் கிடக்கணும். அதுவும் புதிய பதிப்பு.